விக்கித்தரவில் வெளி அடையாள எண்கள் பிசகாமல் இருக்க என்ன செய்யலாம்?

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியை கேட்டிருக்கிறார்: "நானும் முன்னாள் மாணவர்கள் சிலரும் சேர்ந்து பினாங்கு மாநிலக் கோயில்கள், தமிழ்ப்பள்ளிகள், நம் பழைய தலைவர்கள் பற்றிய விவரங்களை விக்கித்தரவில் ஏற்றினோம். ஒவ்வொன்றுக்கும் வையாஃப், காங்கிரஸ் நூலகம், ஜியோநேம்ஸ் எண்களையும் சேர்த்தோம். ஓராண்டு கழித்துப் பார்த்தால் சில இணைப்புகள் திறக்கவில்லை. சில வேறு ஆளுக்கோ வேறு ஊருக்கோ போகின்றன. இதையெல்லாம் ஒரு தானியங்கியிடம் ஒப்படைத்துவிட்டால் போதாதா?"

போதாது, டீச்சர். தானியங்கி வேண்டும், ஆனால் அது பாதி வேலைக்குத்தான் உதவும். நான் கோலாலம்பூரில் நூலகப் பட்டியல் வேலையில் இருப்பவன். விக்கித்தரவில் தொகுப்பதும் பல ஆண்டுப் பழக்கம். இந்த இரண்டு வேலையிலும் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். புதியவர்களுக்காக ஒரு வரி: விக்கித்தரவு, விக்கிப்பீடியாவின் துணைத் திட்டம், யாரும் தொகுக்கக்கூடிய தரவுக் களஞ்சியம். அதில் ஓர் ஆளுக்கோ இடத்துக்கோ உள்ள பதிவு 'உருப்படி', அதில் எழுதும் விவர வகை 'பண்பு'. வையாஃப் பல நூலகங்களின் பெயர்ப் பதிவுகளை இணைக்கும் தளம், காங்கிரஸ் நூலகம் அமெரிக்காவில் இருப்பது, ஜியோநேம்ஸ் உலக இடப்பெயர்களின் தரவுத்தளம். தானியங்கி என்பது தானாகத் தொகுக்கும் நிரல்.

நீங்கள் சொன்னதில் இரண்டு நோய்கள் கலந்திருக்கின்றன. திறக்காத இணைப்பு ஒன்று, தவறான இடத்துக்குத் திறக்கும் இணைப்பு இன்னொன்று. முதலாவது கண்ணுக்குத் தெரியும், யாராவது குறை சொல்வார்கள், சரிசெய்துவிடலாம். இரண்டாவது யார் கண்ணிலும் படாமல் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். அதற்குள் நான்கு தளங்கள் அதை நகலெடுத்திருக்கும். அதனால் உங்களுக்கு இருக்கும் நேரத்தில் பெரும்பகுதியை இரண்டாவதற்குக் கொடுங்கள்.

திறக்காதவற்றை முதலில் முடித்துவிடுவோம். விக்கித்தரவு வெளித்தளத்தின் முழு முகவரியைச் சேமிப்பதில்லை, எண்ணை மட்டுமே சேமிக்கிறது. வையாஃப் எண்ணுக்கு பி214, காங்கிரஸ் நூலக எண்ணுக்கு பி244, ஜியோநேம்ஸ் எண்ணுக்கு பி1566 என்று தனித்தனிப் பண்புகள் உண்டு. ஒவ்வொரு பண்பின் பக்கத்திலும் முகவரி அச்சு ஒன்று இருக்கும், அதுவே பி1630. எண்ணை அந்த அச்சில் பொருத்தித்தான் இணைப்பு உருவாகிறது. வெளித்தளம் தன் முகவரி அமைப்பை மாற்றிக்கொண்டால் அந்த ஓரிடத்தில் திருத்தினால் போதும், லட்சக்கணக்கான இணைப்புகள் ஒரே நாளில் உயிர்பெறும். உங்கள் மாணவர்கள் எங்காவது எண்ணுக்குப் பதில் முழு முகவரியை ஒட்டியிருந்தால் அதை எண்ணாக மாற்றிவிடச் சொல்லுங்கள். அப்புறம், ஒரே பண்பில் பல இணைப்புகள் சேர்ந்தாற்போல் இறந்துவிட்டால் உங்கள் எண்களில் கை வைக்காதீர்கள். பழுது அச்சில் இருக்கக்கூடும், பண்பின் பேச்சுப் பக்கத்தில் தெரிவியுங்கள். ஒன்றிரண்டு மட்டும் இறந்திருந்தால் அந்தத் தளம் அந்தப் பதிவை நீக்கியிருக்கும், அல்லது வேறொன்றோடு சேர்த்திருக்கும்.

சரி, இனி தவறாகப் போகிறவை.

எண்ணைத் தட்டும்போது விரல் பிசகுவது ஒரு வகை. இதைப் பிடிக்க நல்ல வழி இருக்கிறது, ஆனால் எல்லா எண்ணுக்கும் இல்லை. எழுத்தாளர், கலைஞர் போன்றோருக்கு வழங்கப்படும் ஐ.எஸ்.என்.ஐ. எண்ணில் 16 இடங்கள். கடைசி இடத்தில் இருப்பது சோதனை இலக்கம். ஆய்வாளர்களுக்கான ஆர்கிட் எண்ணுக்கும் அதே கணக்குதான். ஆர்கிட் தன் விளக்கங்களில் கற்பனைப் பேராசிரியர் ஒருவரின் எண்ணைக் காட்டும்: 0000-0002-1825-0097. இதைக் கையாலேயே சோதித்துப் பார்க்கலாம். பூஜ்யத்தில் தொடங்கி, இடமிருந்து ஒவ்வோர் இலக்கத்தையும் கூட்டி உடனே இரண்டால் பெருக்கிக்கொண்டே போக வேண்டும். முதல் ஏழு பூஜ்யங்களில் ஒன்றும் மாறாது. 2 வந்ததும் 4. அடுத்த 1 வந்ததும் 10. 8 வந்ததும் 36. பிறகு 76, 162, 324, 648, கடைசியாக 9 வந்ததும் 1314. அதைப் பதினொன்றால் வகுத்தால் மீதி 5. பன்னிரண்டிலிருந்து ஐந்தைக் கழித்தால் 7. எண்ணின் கடைசி இலக்கமும் 7. இப்போது 1825 என்பதை 1285 என்று மாற்றித் தட்டிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். அதே கணக்கில் 1122 வரும், மீதி பூஜ்யம், பன்னிரண்டிலிருந்து கழித்தால் 12, அது பதினொன்றைத் தாண்டுவதால் பதினொன்றைக் கழித்து, கடைசி இலக்கம் 1 ஆக இருந்திருக்க வேண்டும். ஆனால் நம்மிடம் 7 இருக்கிறது. தவறு பிடிபட்டுவிட்டது. விடை 10 வந்தால் அந்த இடத்தில் எக்ஸ் எழுதுவார்கள், பழைய 10 இலக்க ஐ.எஸ்.பி.என்.னில் பார்த்திருப்பீர்கள்.

வையாஃப், ஜியோநேம்ஸ் எண்களில் இந்தப் பாதுகாப்பு கிடையாது. அவை வெறும் வரிசை எண்கள். ஓர் இலக்கம் மாறினால் உலகின் ஏதோ ஒரு மூலையில் இருக்கும் ஏதோ ஒரு மலைக்குப் போய் நிற்போம். விக்கித்தரவு தன் பங்குக்கு எண்ணின் வடிவத்தை மட்டும் பார்க்கும். இத்தனை இலக்கம், இந்த எழுத்தில் தொடங்க வேண்டும் என்ற அளவுக்குத்தான். எந்தச் சோதனை இலக்கமும் 'இந்த எண் ஒழுங்கான எண்' என்று சொல்லுமே தவிர, 'இது உங்கள் ஆளின் எண்' என்று சொல்லாது. இந்த வேறுபாட்டை மாணவர்கள் மனத்தில் பதியவைத்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள்.

பெரும்பாலான தவறுகள் பெயரை மட்டும் பார்த்துப் பொருத்துவதால் வருகின்றன. உங்கள் வீட்டு வாசலிலேயே சான்று இருக்கிறது. நீங்கள் இருப்பது பட்டர்வொர்த். பினாங்கு மாநிலத்தில் இருக்கிறீர்கள், பினாங்குத் தீவில் இல்லை. ஆனால் 'பினாங்கு' என்ற ஒரே சொல் இரண்டுக்கும் வழங்குகிறது. காங்கிரஸ் நூலகத்தில் மாநிலம், நகரம் போன்ற ஆட்சிப் பகுதிகளின் எண் 'என்' எழுத்தில் தொடங்கும். தீவு, மலை, ஆறு, குகை போன்ற இயற்கைப் பொருள்கள் பொருள் தலைப்புகளோடு சேர்ந்து 'எஸ்எச்' என்று தொடங்கும். விக்கித்தரவில் இரண்டும் பி244 என்ற ஒரே பண்புக்குள் வந்து விழும். தீவின் உருப்படியில் 'என்' எண்ணைப் பார்த்தால் நின்று யோசியுங்கள்.

ஜார்ஜ் டவுன் இன்னும் சிக்கல். கேமன் தீவுகளின் தலைநகரும் ஜார்ஜ் டவுன், டாஸ்மேனியாவில் ஒன்று, சென்னையில் நம் பூக்கடைப் பக்கம் ஒன்று. இவற்றை நாட்டின் பெயரை வைத்துப் பிரித்துவிடலாம். பினாங்குக்குள்ளேயே பிரிப்பதுதான் கடினம். 1957 ஜனவரி 1இல் மாநகரத் தகுதி பெற்ற பழைய ஜார்ஜ் டவுன் ஒன்று. 2015இல் தீவு முழுவதற்கும் மாநகர மன்றம் வந்தபின் சொல்லப்படும் மாநகரம் வேறொன்று. 2008இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்த்த பழைய நகரப் பகுதி மூன்றாவது. அந்த மூன்றாவதன் எண் 1223. அதுவும் ஜார்ஜ் டவுனுக்கு மட்டும் உரியது அல்ல. மலாக்காவையும் ஜார்ஜ் டவுனையும் சேர்த்து ஒரே இடமாகத்தான் பதிந்திருக்கிறார்கள். 1223ஐ ஜார்ஜ் டவுன் உருப்படியில் போட்டால் பார்க்கச் சரியாகவே இருக்கும், சொடுக்கினால் திறக்கவும் திறக்கும், ஆனால் பாதி மலாக்காவில் இருக்கும் ஒன்றை பினாங்கு என்று சொன்னதாகிவிடும்.

எங்கள் பக்கத்தில் பத்துமலை. தைப்பூசத்துக்கு நடந்து போகிறவர்களுக்கு அது ஒரே இடம். தரவுக்கு அது குறைந்தது ஆறு: சுண்ணாம்புக் குன்று, அதிலுள்ள குகைகள், முருகன் கோயில், 2006இல் திறக்கப்பட்ட 42.7 மீட்டர் சிலை, சுற்றியுள்ள ஊர், கொம்யூட்டர் ரயில் நிலையம். ஜியோநேம்ஸ் ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு வகைக்குறி கொடுத்திருக்கிறது. 'பி' என்றால் மக்கள் வாழும் ஊர், 'டி' என்றால் மலை, குன்று, 'எச்' என்றால் நீர்நிலை, 'எஸ்' என்றால் கட்டடம், நிலையம் போன்றவை. எண்ணைச் சேர்க்கும் முன் இந்த ஓர் எழுத்தைப் பார்த்தாலே போதும், பாதி ஆள்மாறாட்டம் நின்றுவிடும். கோயில் உருப்படியில் 'பி' வகை எண் இருந்தால் அது ஊரின் எண். இதைத் தானியங்கியே கண்டுபிடித்துச் சொல்லும், மனிதர் தேட வேண்டியதில்லை.

மாரியம்மன் கோயில்களில் நான் பட்டது நினைவிருக்கிறது. தோட்டத்துக் கோயில்கள் பட்டியல் ஒன்றை ஓப்பன்ரிஃபைன் என்ற தரவுப் பொருத்தும் கருவி வழியாக விக்கித்தரவோடு பொருத்தினேன். பெயர் ஒற்றுமைக்கு அது கொடுத்த மதிப்பெண் உயரமாக இருந்தது, மொத்தமாக ஏற்றுக்கொண்டேன். 'ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயம்' என்ற பெயரில் பினாங்கு குவீன் ஸ்திரீட்டில் 1833ஆம் ஆண்டுக் கோயில் இருக்கிறது, கோலாலம்பூரில் ஜாலான் துன் எச்.எஸ். லீயில் 1873ஆம் ஆண்டுக் கோயில் இருக்கிறது, தோட்டம்தோறும் ஒரு தகரக் கொட்டகைக் கோயிலும் இருந்தது. சில வாரம் கழித்து ஒரு சிறிய தோட்டக் கோயிலைத் தேடினால் கோலாலம்பூர் ராஜகோபுரத்தின் படம் வந்து நிற்கிறது. அந்தத் தோட்டத்துக்காரர் ஒருவர் பார்த்துவிட்டு, "எங்கள் ஆத்தா எங்கே போனாள்?" என்று கேட்டார். ஒரு நாளில் செய்ததைப் பிரித்தெடுக்க எனக்கு இரண்டு மாத வாரக்கடைசிகள் ஆயின. அன்றிலிருந்து கோயில் என்றால் ஆள்கூறு (வரைபடத்தில் இடத்தைக் காட்டும் அட்சரேகை, தீர்க்கரேகை) இல்லாமல் பொருத்துவதில்லை. பெயர், இருப்பிடம், தோன்றிய ஆண்டு மூன்றில் குறைந்தது இரண்டு ஒத்துப்போக வேண்டும்.

பள்ளிகளுக்கு நேர்மாறான சிக்கல். இங்கே பெயர் அப்படியே இருக்கும், இடம் நகர்ந்துவிடும். 1816இல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் தொடங்கிய தமிழ் வகுப்பிலிருந்து மலேசியத் தமிழ்க்கல்விக்குக் கணக்கு வைக்கிறோம். இன்றுள்ள ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளில் பல, தோட்டம் போன பிறகும் தோட்டத்தின் பெயரைச் சுமந்துகொண்டு வீடமைப்புப் பகுதிகளில் இருக்கின்றன. அங்கே ஆள்கூறை நம்பினால் ஏமாந்துபோவோம். கல்வியமைச்சு ஒவ்வொரு பள்ளிக்கும் தரும் குறியீட்டைத்தான் முதல் சான்றாக எடுத்துக்கொள்ள வேண்டும். பழைய இடத்தையும் புதிய இடத்தையும் தொடக்க, முடிவு ஆண்டுகளோடு ஒரே உருப்படியில் எழுதுங்கள், இடம் மாறியதற்காகப் புது உருப்படி உருவாக்காதீர்கள். தோட்டத்தின் ஜியோநேம்ஸ் எண் தோட்டத்துக்குத்தான் உரியது, பள்ளிக்கு வேண்டாம்.

ஆட்களுக்கு வருவோம். தமிழ்ப் பெயர்கள் வெளிநாட்டு நூலகங்களில் படும் பாடு உங்களுக்குத் தெரியும். முதலெழுத்து எதைக் குறிக்கிறது என்று அவர்களுக்குப் புரியாது, தந்தை பெயரைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொள்வார்கள். நம் அடையாள அட்டையில் 'இன்னாரின் மகன்', 'இன்னாரின் மகள்' என்பதற்கு இருக்கும் ஏ/எல், ஏ/பி பட்டியலில் காணாமல் போகும், அல்லது பெயரின் பகுதியாகவே ஆகிவிடும். துன் வீ. தி. சம்பந்தனை எடுத்துக்கொள்ளுங்கள். சுங்கை சிப்புட்டில் 1919இல் பிறந்து 1979இல் மறைந்தவர். இலங்கையின் இரா. சம்பந்தன் 1933இல் பிறந்து 2024இல் மறைந்தவர். தமிழில் எழுதினால் பெயரில் எழுத்து வித்தியாசமே இல்லை. ஆங்கிலத்தில் ஓரெழுத்துதான் மாறும். இருவரும் தமிழர், இருவரும் அரசியல்வாதிகள், இருவரும் நாடாளுமன்றத்தில் இருந்தவர்கள். தொழிலை வைத்துப் பிரிக்கும் எந்தக் கருவியும் இங்கே தோற்றுவிடும். பிறந்த ஆண்டும் நாடும்தான் பிரிக்கும். துன் சம்பந்தனின் முழுப்பெயரைப் போட்டுத் தேடினாலோ ஏழாம் நூற்றாண்டுத் திருஞானசம்பந்தர் வந்து நிற்பார்.

வையாஃப் விஷயத்தில் ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அது தனி நூலகம் அல்ல. 2003இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகமும் ஜெர்மன் தேசிய நூலகமும் ஓ.சி.எல்.சி. என்ற நூலகக் கூட்டமைப்பும் சேர்ந்து தொடங்கியது. பல தேசிய நூலகங்களின் பெயர்ப் பதிவுகளைக் கணினி ஒப்பிட்டு, ஒரே ஆள் என்று தோன்றுகிறவற்றை ஒரு கொத்தாகக் கட்டி எண் கொடுக்கிறது. புதிய பதிவு வரும்போது கொத்து பிரியலாம், இரண்டு கொத்து ஒன்றாகலாம். அதனால் வையாஃப் எண் மாறுவது பழுது அல்ல, அதன் இயல்பே அப்படி. இதைவிட முக்கியமானது, வையாஃப் விக்கித்தரவையும் ஒரு மூலமாக எடுத்துக்கொள்கிறது. இதன் விளைவைப் பாருங்கள். உங்கள் மாணவர் துன் சம்பந்தன் உருப்படியில் தவறான எண் ஒன்றைப் போடுகிறார். வையாஃப் அதை எடுத்துக்கொண்டு இரண்டு ஆட்களை ஒரே கொத்தில் கட்டக்கூடும். பிறகு ஒரு தானியங்கி வையாஃபைப் பார்த்து, அந்தக் கொத்திலுள்ள மற்ற நூலக எண்களையெல்லாம் விக்கித்தரவில் சேர்க்கும். அடுத்து வருகிறவர், 'வையாஃப், ஐ.எஸ்.என்.ஐ., காங்கிரஸ் நூலகம் மூன்றும் ஒத்துப்போகின்றன, சரியாகத்தான் இருக்கும்' என்று நம்பிவிடுவார். நாம் சொன்ன பொய்யே ஊரைச் சுற்றி நமக்கே சாட்சியாகத் திரும்பி வருகிறது.

அதனால் வையாஃபைக் கைகாட்டி மரமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சான்று வேண்டுமென்றால் ஒரு படி மேலே போய் மூல நூலகத்தின் பதிவைத் திறந்து, அந்த எண்ணின் கீழ் என்னென்ன நூல்கள் இருக்கின்றன என்று பாருங்கள். ஒருவரை அடையாளம் காண அவர் எழுதிய நூலைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

பொருள் தலைப்புகளில் வேறு வகைச் சிக்கல். ஆளோ கோயிலோ ஒன்றுதான் அல்லது ஒன்றல்ல. கருத்து அப்படியில்லை, ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். காங்கிரஸ் நூலகத்தில் தமிழருக்கு ஒரு தலைப்பு இருக்கிறது, அடைப்புக்குள் 'இந்திய இனத்தார்' என்று குறித்திருப்பார்கள். மலேசியத் தமிழரைப் பற்றிய நூல் வந்தால் அதே தலைப்போடு மலேசியா என்ற இடப்பெயரைச் சேர்த்துச் சரமாக எழுதுவார்கள். அந்தப் பட்டியலிலிருந்து பிறந்த ஃபாஸ்ட் என்ற முறை சரத்தை உடைத்து, தமிழர் தனி, மலேசியா தனி என்று வைக்கும். விக்கித்தரவிலோ 'மலேசியத் தமிழர்' என்பது தனி உருப்படி. அதற்கு எந்த எண்ணைப் போடுவது? தமிழர் எண்ணைப் போட்டால் அது நம்மைவிடப் பெரிய வட்டம். போடாமல் விட்டால் தேடுகிறவருக்கு வழியில்லை.

இதற்கு 2009இல் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு வெளியிட்ட ஸ்கோஸ் தரம் நல்ல விடை வைத்திருக்கிறது. முற்றிலும் ஒன்று, ஏறக்குறைய ஒன்று, அது நம்மைவிட விரிந்தது, அது நம்மைவிடக் குறுகியது, தொடர்புடையது என்று ஐந்து உறவுகள். விக்கித்தரவில் பி4390 என்ற துணைக்குறிப்பால் எண்ணுக்குப் பக்கத்திலேயே இதை எழுதலாம். மலேசியத் தமிழர் உருப்படியில் தமிழர் எண்ணைப் போட்டு 'அது விரிந்தது' என்று குறித்துவிட்டால் பொய் சொன்னதாகாது. 'முற்றிலும் ஒன்று' என்பது ஒன்றிலிருந்து ஒன்றாகத் தொடரும். இது அதற்குச் சமம், அது இன்னொன்றுக்குச் சமம் என்றால் முதலாவதும் மூன்றாவதும் சமம் என்று இயந்திரம் எடுத்துக்கொள்ளும். 'ஏறக்குறைய ஒன்று' அப்படித் தொடராது. ஐயம் இருக்கும் இடத்தில் இரண்டாவதைப் போட்டால், தவறு நடந்திருந்தாலும் நம் வீட்டோடு நிற்கும்.

கருவேப்பிலை இன்னொரு சிறு எடுத்துக்காட்டு. பழைய நூல்களில் முர்ராயா கோனிகி, இப்போது லண்டன் கியூ தாவரவியல் பூங்காவின் பட்டியல் ஏற்பது பெர்ஜெரா கோனிகி. செடி ஒன்றுதான், பெயர்கள் இரண்டு, பெயருக்கு ஓர் எண். செடி, கொடி பக்கம் போனால் எண் பெயருக்கா செடிக்கா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது அன்றாட நடைமுறை. என் அனுபவத்தில் எல்லாவற்றையும்விடப் பயன்பட்டது ஒரு சிறு பழக்கம். எண்ணைச் சேர்க்கும்போதே, அந்த நிமிடம் வெளித்தளத்தில் அந்தப் பதிவு என்ன பெயரில் இருந்தது என்பதை பி1810 துணைக்குறிப்பில் எழுதிவிடுவது. பார்த்த தேதியை மேற்கோளில் பி813ஆல் எழுதுவது. இரண்டும் சேர்ந்தால் அரை நிமிட வேலை. பலன் ஓராண்டு கழித்துத் தெரியும். அப்போது ஒரு நிரல் எல்லா எண்களையும் திறந்து, இன்றைய பெயரையும் அன்று எழுதிய பெயரையும் ஒப்பிட்டு, மாறியவற்றை மட்டும் பட்டியலிட்டுத் தரும். வெறுமனே பக்கம் திறக்கிறதா என்று பார்க்கும் நிரல் இந்த வேலையைச் செய்யாது. பக்கம் திறக்கும், உள்ளே வேறு ஆள் இருப்பார். இதுதான் தானியங்கிக்குப் பொருத்தமான வேலை. மாறியதை அது காட்டட்டும், மாறியது சரியா தவறா என்று மனிதர் முடிவு செய்யட்டும்.

தவறான எண்ணைக் கண்டுபிடித்தால் அழிக்கத் தோன்றும். அழிக்காதீர்கள். அழித்தால், முன்பு அதைக் கொண்டுவந்த தானியங்கி அதே மூலத்தைப் பார்த்து மறுபடி கொண்டுவரும். விக்கித்தரவில் ஒவ்வொரு கூற்றுக்கும் மூன்று தரநிலைகளில் ஒன்று உண்டு: விரும்பத்தக்கது, இயல்பானது, கைவிடப்பட்டது. தவறான எண்ணைக் கைவிடப்பட்டதாக்கி, பி2241ஆல் காரணத்தை எழுதுங்கள். 'வேறு ஆளைக் குறிக்கிறது' என்பது ஒரு காரணம், 'அந்தத் தளமே எண்ணை விலக்கிக்கொண்டது' என்பது இன்னொரு காரணம். ஒழுங்காக எழுதப்பட்ட தானியங்கி அதைப் பார்த்து விலகிப்போகும், அடுத்து வரும் தொகுப்பாளரும் நீங்கள் பட்ட பாட்டை மறுபடி பட வேண்டியதில்லை. இரண்டு சம்பந்தன்களும் ஒருவரையொருவர் பி1889ஆல் சுட்டிக்கொள்ளட்டும். 'இவர் அவரல்ல' என்று சொல்வதற்கென்றே உள்ள பண்பு அது. நம் பெயர்களுக்கு அதைவிட உதவும் பண்பு வேறில்லை.

ஒரு விதிவிலக்கு மட்டும். விரல் பிசகி நீங்களே சற்று முன் போட்ட எண்ணுக்குத் தரநிலை, காரணம் எல்லாம் வேண்டாம், திருத்திவிட்டு நகருங்கள்.

மாதம் ஒருமுறை, விக்கித்தரவைக் கேள்வி கேட்கும் மொழியான ஸ்பார்க்கிளில் வினவல் எழுதி இரண்டு கேள்விகள் கேளுங்கள். முதலாவது, நம் உருப்படிகளில் ஏதாவது இரண்டு ஒரே வெளி எண்ணை வைத்திருக்கின்றனவா? இருந்தால் இரண்டில் ஒன்று தவறு, அல்லது இரண்டும் ஒன்றே என்பதால் இணைக்க வேண்டியவை. இரண்டாவது, ஒரே உருப்படியில் ஒரே வகை எண் இரண்டு இருக்கிறதா? இதில் அவசரப்படக் கூடாது. ஜியோநேம்ஸில் ஒரே குன்றுக்கு இரண்டு பதிவு இருப்பது உண்டு, அப்போது இரண்டு எண்ணும் சரியே, பிசகு அந்தப் பக்கத்தில் இருக்கிறது. செபுவானோ மொழி விக்கிப்பீடியாவில் ஒரு தானியங்கி ஜியோநேம்ஸை வைத்து லட்சக்கணக்கில் கட்டுரைகள் உருவாக்கியது. அவற்றுக்கெல்லாம் விக்கித்தரவில் உருப்படிகள் வந்துவிட்டதால், ஓர் ஆற்றுக்கோ குன்றுக்கோ இரட்டை உருப்படி பார்த்தால் முதலில் செபுவானோ இணைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். வரைபடத்தில் இரண்டையும் வைத்துப் பார்த்து, ஒன்றேதான் என்று உறுதியான பிறகு இணையுங்கள். அவசரமாக இணைத்ததைப் பிரிப்பது பொருத்தியதைப் பிரிப்பதைவிடக் கடினம்.

ஒவ்வோர் உருப்படிக்கும் விக்கித்தரவே 'கியூ' எழுத்தில் தொடங்கும் எண் ஒன்று தருகிறது. இணைத்தால் பழைய கியூ எண் புதியதற்கு வழிமாற்றாக நிற்கும், உலாவியில் திறப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் உங்கள் விரிதாளில் பழைய எண் இருந்தால் வினவலில் அது வெறுங்கையோடு திரும்பும். உங்கள் பக்கத்துக் கியூ எண்களையும் ஆண்டுக்கொருமுறை சரிபாருங்கள். வெளி எண்களுக்குக் கேட்கும் ஒழுங்கை நாமும் மற்றவர்களுக்குக் கொடுக்க வேண்டும், பினாங்குக் கோயில் பட்டியலை நம் கியூ எண்ணோடு வேறு யாரோ வைத்திருப்பார்கள்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். ஒரே ஆள் ஒரே முறையில் பொருத்திய பட்டியலுக்கு அது பொருந்தும். ஐம்பதை எடுத்துப் பார்த்து எல்லாம் சரி என்றால் மற்றதையும் ஓரளவு நம்பலாம். பத்து மாணவர்கள் பத்து விதமாகச் செய்திருந்தால் ஒவ்வொருவர் பானையிலும் தனித்தனியாகக் கரண்டி விட வேண்டும். யார் எதைச் செய்தார்கள் என்பது தொகுப்பு வரலாற்றில் இருக்கிறது. குறை காண்பதற்காகச் சொல்லவில்லை. ஒருவரிடம் ஒரு வகைத் தவறு இருந்தால் அது திரும்பத் திரும்ப வந்திருக்கும், ஒன்றைக் கண்டால் மற்றவற்றை எளிதாகப் பிடிக்கலாம்.

மிக்ஸ்-என்-மேட்ச் என்ற கருவியையும் மாணவர்களுக்குக் காட்டுங்கள். வெளிப்பட்டியலிலிருந்து ஒரு பெயரை எடுத்து, 'இது இந்த உருப்படியா?' என்று ஒவ்வொன்றாகக் கேட்கும். ஆமாம், இல்லை என்று அழுத்திக்கொண்டே போகலாம். கைத்தொலைபேசியில் பழகிய பிள்ளைகளுக்கு வேகமாக வரும். வேகம்தான் அதிலுள்ள ஆபத்தும். தெரியவில்லை என்றால் கடந்து போவதும் ஒரு விடைதான் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். எண் இல்லாத உருப்படி அரைகுறையானது, அவ்வளவுதான். தவறான எண் உள்ள உருப்படி பிறரையும் வழி தவறச் செய்யும்.

வெளித்தளத்தின் பிசகைக் கண்டால் அவர்களுக்கு எழுதுங்கள். ஜியோநேம்ஸில் நீங்களே கணக்குத் தொடங்கித் திருத்தலாம். நூலகங்களுக்கு எழுதும்போது, "இந்த எண்ணின் கீழுள்ள இந்த இரண்டு நூல்கள் வேறு வேறு ஆட்களுடையவை, ஒருவர் 1919இல் பிறந்தவர், மற்றவர் 1933இல் பிறந்தவர்" என்று சான்றோடு எழுதினால் பொதுவாகக் காதுகொடுப்பார்கள். 'உங்கள் பதிவு தவறு' என்று மட்டும் எழுதினால் அது வரிசையில் கிடக்கும். தமிழ் படிக்கத் தெரிந்தவர் அந்தப் பக்கத்தில் இல்லாமல் இருக்கலாம், நூலின் தலைப்புப் பக்கத்தைப் படமெடுத்து, பெயரை ஒலிபெயர்த்தும் அனுப்புங்கள்.

உங்கள் குழுவுக்கு இப்போதைக்கு நான் சொல்வது, புது எண் சேர்ப்பதை இரண்டு மாதம் நிறுத்திவையுங்கள். கோயில் பட்டியலைத் திறந்து, பி1810 இல்லாத எண்களை மட்டும் வடிகட்டுங்கள். ஆளுக்கு இருபது. ஒருவர் பார்த்ததை இன்னொருவர் பார்க்கட்டும். மாரியம்மன்களை முதலில் எடுங்கள், அங்கேதான் குழப்பம் அதிகம் இருக்கும். ஆள்கூறு கிடைக்காத கோயிலுக்கு யாராவது மோட்டார் சைக்கிளில் போய் வாசலில் நின்று எடுத்துவரட்டும், கல்வெட்டிலோ அடிக்கல்லிலோ ஆண்டு இருந்தால் படமும் எடுக்கட்டும். பள்ளி விடுமுறையில் கோலாலம்பூர் வந்தால் மடிக்கணினியோடு பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் வாருங்கள். வினவல் இரண்டையும் உங்கள் பட்டியலுக்கேற்றபடி உட்கார்ந்து எழுதிவிடலாம், ஒரு மாலைப்பொழுது போதும்.